கட்டி யாருடையது? சினைப்பைக் கட்டி போலத் தோன்றும் அரிய நீர்க்கட்டிகளைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

"வலது அட்னெக்சல் சிஸ்ட், 7 செமீ." அதாவது கர்ப்பப்பைக்கு வலப்பக்கம், சினைப்பையும் கருக்குழாயும் இருக்கும் இடத்தில் ஒரு நீர்க்கட்டி. ஸ்கேன் சீட்டில் இருக்கும் இந்த ஒற்றை வரியை நம்பி ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் இளம் மருத்துவர்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது சினைப்பைக் கட்டியாகவே இருந்துவிடும். அப்படி இல்லாத சில பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியில் மகப்பேறு ஓபிக்குப் புதிதாக வருபவர்கள், ஸ்கேன் பழகுபவர்கள், கடலூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கலந்துபேச ஆளின்றித் தனியாக முடிவெடுக்கும் டாக்டர்கள் ஆகியோரை மனதில் வைத்திருக்கிறேன். வரிசைதான் இதில் எல்லாமே. அது எந்த உறுப்பின் கட்டி என்பது முதல் கேள்வி. அது என்ன கட்டி என்பது இரண்டாவது. ஊசியும் கத்தியும் அதற்கும் பிறகுதான்.

1. 'நீர்க்கட்டி' என்ற சொல்லைப் பிரித்துக் கேளுங்கள்

நம் பக்கம் பிசிஓஎஸ்-க்கும் (ஹார்மோன் கோளாறால் சினைப்பையில் பல சிறு முட்டைக்குமிழ்கள் சேர்வது) நீர்க்கட்டி என்றுதான் பெயர். சினைப்பையில் வளரும் ஒற்றைக் கட்டிக்கும் அதே பெயர். ஸ்கேனில் கறுப்பாகத் தெரியும் எந்தப் பைக்கும் அதே பெயர்.

"நாலு வருஷமா நீர்க்கட்டி இருக்கு டாக்டரம்மா" என்று ஒருவர் சொன்னால், அது மாதவிலக்கு தள்ளிப்போனபோது பார்த்த பிசிஓஎஸ் ஆக இருக்கலாம். இன்று படத்தில் தெரியும் 8 செமீ பைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் போகலாம். ஆனால் கேஸ் ஷீட்டில் 'ஏற்கெனவே சினைப்பைக் கட்டி உள்ளவர்' என்று ஏறிவிட்டால், அடுத்து பார்க்கும் மூன்று டாக்டர்களும் அந்த வரியின் வழியாகத்தான் படத்தைப் பார்ப்பார்கள். பழைய சீட்டைக் கண்ணால் பார்க்கும்வரை அப்படி எழுதாதீர்கள்.

'பை எடுத்தாச்சு' என்பதும் அப்படிப்பட்ட சொல்தான். கர்ப்பப்பை மட்டும் எடுத்தார்களா, சினைப்பைகளும் சேர்ந்து போனதா என்பது பல பெண்களுக்குத் தெரியாது. யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இதன் விடை ஆறாவது படியில் ஒரு நோயறிதலையே மாற்றும்.

2. ஸ்கேனுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசி மாதவிலக்குத் தேதி வேண்டும். மாதவிலக்கு நிற்காத ஒவ்வொருவருக்கும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவரையும் விடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் கருக்குழாயில் கர்ப்பம் தங்குவது உண்டு. அரிய கட்டியைத் தேடும் ஆர்வத்தில் உயிரைப் பறிக்கும் சாதாரண விஷயத்தைத் தவறவிடக் கூடாது.

பழைய ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும். பண்ருட்டியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வரும் பெண்கள் மஞ்சள் பையில் எல்லாச் சீட்டையும் கொண்டுவருவார்கள். மேலே இருக்கும் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பையை மேசையில் கொட்டித் தேதி வாரியாக அடுக்குங்கள். ஐந்து நிமிடம் ஆகும். எம்ஆர்ஐ சொல்லாததைச் சில நேரம் அந்த ஐந்து நிமிடம் சொல்லிவிடும்.

இரண்டு மாதம் முன்பு எடுத்த ஸ்கேன் இருந்தால் அளவை ஒப்பிடுங்கள். மாதவிலக்கு வரும் வயதில், 5 செமீக்கு உட்பட்ட, தெளிந்த நீர் மட்டும் உள்ள சினைப்பைக் கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றுக்குள் தானாக மறையும். மறையாமல், அளவும் மாறாமல், மாதவிலக்கோடு எந்தச் சம்பந்தமும் காட்டாமல் ஒரே இடத்தில் இருந்தால், அது சினைப்பையிலிருந்து வந்ததுதானா என்று கேட்கத் தொடங்குங்கள்.

3. கேட்க மறக்கும் கேள்விகள்

மாதவிலக்கு, பிரசவம், வெள்ளைப்படுதல் எல்லாம் கேட்டுவிடுகிறோம். இவை விட்டுப்போகின்றன.

மலம் கழிக்க முக்கும்போது தலைவலி வருகிறதா? சிறுவயது முதலே மலச்சிக்கலா? தண்டுவட உறை, முதுகெலும்பின் அடியில் உள்ள சேக்ரம் எலும்பின் முன்பக்க ஓட்டை வழியாக இடுப்புக்குழிக்குள் பிதுங்கியிருந்தால், முக்கும்போது அதன் அழுத்தம் மூளைவரை ஏறும். இந்தக் கேள்வியைக் கேட்டால் பலர் வியப்போடு நிமிர்ந்து பார்ப்பார்கள், ஏனென்றால் கர்ப்பப்பை டாக்டரிடம் தலைவலியைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

ஆசனவாய்ப் பக்கம் சீழ்க்கட்டி வந்து, கீறி, மறுபடி மறுபடி வந்திருக்கிறதா? அப்படியானால் மலக்குடலுக்குப் பின்னால் பிறவியிலேயே தங்கிய வால்குடல் நீர்க்கட்டியை நினையுங்கள்.

சிறுநீர் கழித்து எழுந்த பிறகும் சொட்டுகிறதா? உடலுறவில் வலியும், கழிக்கும்போது எரிச்சலும் சேர்ந்தால் சிறுநீர் வடிகுழாயில் ஒரு பக்கப்பை, அதாவது சுவரிலிருந்து வெளியே பிதுங்கிய சிறு பை, இருக்கலாம்.

வீட்டில் ஆடு, நாய் உண்டா? வயலில் கிடை போடுபவர்களா? உறுப்புகளில் நீர்ப்பைகளை உண்டாக்கும் ஹைடாடிட் நோய்ப் புழுவின் முட்டை நாயின் மலத்தில் வரும். கழுவாத கீரை, காய் வழியாகவோ நாயைத் தொட்ட கை வழியாகவோ வாய்க்குள் போகும். கறி சாப்பிட்டதால் வருவதில்லை. "நாங்க கவுச்சியே தொட மாட்டோம்" என்ற பதிலைக் கேட்டு இந்தக் கேள்வியை மூடிவிடாதீர்கள்.

மாலைக் காய்ச்சல், எடை குறைவு, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதையும் கேளுங்கள்.

4. சிறுநீர்ப்பை காலியான பிறகே கை வையுங்கள்

"தண்ணி குடிச்சிட்டு, அடக்கிட்டு வாங்க" என்று ஸ்கேன் சென்டரில் சொல்லியிருப்பார்கள். அந்தப் பெண் அடக்கிக்கொண்டே பஸ்ஸில் வந்து, வரிசையில் நின்று, நம் மேசையில் படுக்கிறார். தொப்புளுக்குக் கீழே உருண்டையாக ஒன்று கைக்குத் தென்படும். அது சிறுநீர்ப்பை.

நிரம்பியபடி வந்தவருக்கு வயிற்றின் மேல் ஸ்கேனை முதலில் முடியுங்கள். பிறகு கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதன் பிறகு கைப் பரிசோதனை, யோனி வழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேன். கழித்த பிறகும் பை நிறைந்தே இருந்தால் கதீட்டர் போட்டு, கட்டி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கழிப்பதற்கு முன்னும் பின்னும் அளவு மாறும் 'சிஸ்ட்' என்றால் சிறுநீர்ப்பையின் பக்கப்பையையும் சந்தேகியுங்கள்.

மலக்குடல் வழிப் பரிசோதனையைக் கூச்சத்துக்காகத் தவிர்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. காரணத்தைச் சொல்லி அனுமதி கேட்டால் பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள். கட்டி மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதை ஒரு விரல் சொல்லிவிடும். பின்னால் இருப்பது சினைப்பை அல்ல.

5. கட்டியை விட்டுவிட்டு, முதலில் இரண்டு சினைப்பைகளையும் தேடுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஸ்கேன் கருவியின் புரோபை வைத்ததும் பெரிய கறுப்பு வட்டம் கண்ணை இழுக்கும். உடனே அளந்து, மூன்று திசையிலும் படம் எடுத்துவிடுவார்கள். சினைப்பை எங்கே என்று கேட்டால், "கட்டிக்குள்ளதான் இருக்கும் மேடம்" என்பார்கள்.

இருக்கும் என்பது போதாது. கட்டியின் ஓரத்தில் பிறை போலச் சினைப்பைத் திசு ஒட்டியிருந்து, அதில் சிறு முட்டைக்குமிழ்கள் தெரிந்தால் அது சினைப்பைக் கட்டி. சினைப்பை முழு உருவத்தோடு தனியே தெரிந்தால், கட்டி வேறு ஒருவருடையது.

சந்தேகம் வந்தால் புரோபால் மெல்ல அழுத்துங்கள். வயிற்றின் மேல் இன்னொரு கையும் இருக்கட்டும். இரண்டும் ஒன்றாக நகர்ந்தால் ஒரே உடைமை. ஒன்று நகர்ந்து மற்றது நின்றால் தனித்தனி. கருக்குழாயை ஒட்டி வளரும் பாராஓவேரியன் சிஸ்டை இப்படித்தான் பிரிக்கிறோம். அது அரிதான ஒன்றும் அல்ல.

திருமணமாகாத பெண்களுக்கு நம் ஊரில் உள்வழி ஸ்கேன் செய்வதில்லை. அதனால் அவர்கள் ரிப்போர்ட்டில்தான் தவறு அதிகம். வயிற்றின் மேல் ஸ்கேன் மட்டும் செய்துவிட்டு 'அட்னெக்சல்' என்று எழுதுவதற்குப் பதில், 'வலது சினைப்பை தனியே தெரியவில்லை' என்று உண்மையை எழுதுங்கள். விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்தால் மலக்குடல் வழி ஸ்கேன் செய்யலாம். இல்லையென்றால் எம்ஆர்ஐ.

புரோபை எடுப்பதற்கு முன் இரண்டு சிறுநீரகங்களையும் பார்த்துவிடுங்கள். கூடுதலாக ஒரு நிமிடம்தான். ஒரு பக்கம் சிறுநீரகம் இடத்தில் இல்லையென்றால் அது இடுப்புக்குழிக்குள் இருந்து வீங்கியிருக்கலாம். அதையே நாம் கட்டி என்று அளந்திருக்கலாம். அது பிறவியிலேயே இல்லையென்றால், கர்ப்பப்பையும் யோனியும் உருவானதில் கோளாறு இருக்கலாம் என்று அர்த்தம். சிறுநீரகமும் இந்த உறுப்புகளும் கருவில் பக்கத்துப் பக்கத்தில் உருவாகின்றன.

6. கட்டி இருக்கும் இடத்தை வைத்துச் சொந்தக்காரரைத் தேடுங்கள்

*வடிவம் இல்லாமல், இடுக்குகளை நிரப்பி நிற்கிறது. நடுவிலோ ஓரத்திலோ சினைப்பை மாட்டியிருக்கிறது.* பெரிட்டோனியல் இன்க்ளூஷன் சிஸ்ட். வயிற்று ஆபரேஷனோ தொற்றோ எண்டோமெட்ரியோசிஸோ (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) ஒட்டல்களை உண்டாக்கியிருக்கும். வேலை செய்யும் சினைப்பை சுரக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் அந்த ஒட்டல்களுக்கு நடுவே தேங்குகிறது. சிலந்தி வலைக்குள் சிலந்தி போலச் சினைப்பை தெரியும். கட்டிக்கென்று சொந்தச் சுவர் கிடையாது. அதனால்தான் அது உருண்டையாக இல்லாமல் இடத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது.

முதல் படியில் 'பை எடுத்தாச்சு' என்பதைத் துருவச் சொன்னது இதற்காகத்தான். கர்ப்பப்பை போய், சினைப்பை தங்கியிருந்தால் இது வர இடமுண்டு. நான் பயிற்சியில் இருந்தபோது இப்படி ஒரு அம்மாவுக்குச் சினைப்பைக் கட்டி என்று வயிற்றைத் திறந்தோம். உதவிக்கு நின்றவள் நான். ஒட்டல்களைப் பிரித்து நீரை வடித்தோம். இரண்டு வருடத்தில் அதே வலியோடு, அதே அளவு கட்டியோடு திரும்பி வந்தார். ஆபரேஷன் புதிய ஒட்டல்களைத்தான் தந்திருந்தது. தொந்தரவு குறைவு என்றால் கவனித்து வருவதும், சுரப்பைக் குறைக்க ஹார்மோன் மாத்திரை தருவதும் முதல் வழி என்று அன்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

*குழாய் போல வளைந்து, முழுதாகக் குறுக்கே போகாத தடுப்புகளோடு தெரிகிறது.* நீர் கோத்த கருக்குழாய். புரோபைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் வட்டமாகவும் மறுதிசையில் நீண்டும் தெரியும். ஒரே திசையில் படம் எடுப்பவர்கள் இதைப் பல அறைக் கட்டி என்று எழுதிப் பயமுறுத்துகிறார்கள்.

*கர்ப்பப்பையிலிருந்து ரத்தக்குழாய்கள் கட்டிக்குள் போகின்றன.* காம்போடு தொங்கும் ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக்கட்டி) உள்ளே நீராக இளகியிருக்கலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் போட்டால் தெரிந்துவிடும்.

*வலது பக்கம், நீண்ட உருண்டை, உள்ளே வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக.* சளி சேர்ந்து வீங்கிய குடல்வால். சாதாரணக் குடல்வால் 6 மிமீ அளவுக்குள் இருக்கும். 15 மிமீ தாண்டினால் இதை வலுவாகச் சந்தேகிக்க வேண்டும். இதைச் சினைப்பைக் கட்டி என்று நினைத்து லேப்ராஸ்கோப்பியில் உடைத்துவிட்டால், அந்தச் சளி வயிறு முழுக்கப் பரவி வளரும் அபாயம் உண்டு. வலதுபக்கக் கட்டி எதுவானாலும், குடல்வால் தனியாகத் தெரிந்ததா என்று ஒரு வரி எழுதும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

*மலக்குடலுக்குப் பின்னால், சேக்ரம் எலும்புக்கு முன்னால்.* இங்கே மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள். முதலாவது, வால்குடல் நீர்க்கட்டி: கருவில் மறைந்திருக்க வேண்டிய குடலின் மிச்சம்; பெண்களிடம்தான் அதிகம்; பெரும்பாலும் பல அறைகளோடு இருக்கும்; சிலவற்றில் புற்று மாற்றமும் வருவதுண்டு. இரண்டாவது, முன்பக்கத் தண்டுவட உறைப் பிதுக்கம்: இடுப்பு எக்ஸ்ரேயில் சேக்ரம் ஒரு பக்கம் தேய்ந்து அரிவாள் போல வளைந்திருக்கும். மூன்றாவது, சேக்ரத்தின் நரம்பு வேர்களில் வரும் டார்லோவ் சிஸ்ட்: இது எலும்புத் துளை வழியாக முன்னே வந்தால் உள்வழி ஸ்கேனில் அச்சு அசலாகச் சினைப்பைக் கட்டி போலத் தெரியும். அழுத்தினால் நகராமல் எலும்போடு நிற்பதுதான் குறிப்பு.

*உள்ளே குஞ்சுப் பைகள், உரிந்து மிதக்கும் உறை, இரட்டைக் கோடு போன்ற சுவர்.* ஹைடாடிட். உடனே புரோபைக் கல்லீரலுக்குக் கொண்டுபோங்கள். இந்தப் புழு அங்கேதான் அதிகம் தங்கும். அடுத்தது நுரையீரல்; மார்பு எக்ஸ்ரே எடுங்கள். ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

*யோனிச் சுவரில்.* கர்ப்பப்பை இறக்கம் என்று அனுப்பப்படும் பெண்களில் சிலருக்கு இறங்கியிருப்பது நீர்க்கட்டி. மேல்பகுதியில் முன்பக்கவாட்டுச் சுவரில் இருந்தால், கருவிலேயே மறைந்திருக்க வேண்டிய கார்ட்னர் குழாயின் மிச்சம். வாசலில், கடிகாரத்தின் 4 அல்லது 8 மணி இடத்தில் இருந்தால் பார்த்தோலின் சுரப்பியின் கட்டி. முன்சுவரின் நடுக்கோட்டில் இருந்து, அழுத்தினால் சிறுநீர்த் துளையில் சீழோ சிறுநீரோ வந்தால் வடிகுழாயின் பக்கப்பை. பார்த்தோலின் என்று நினைத்து அதைக் கீறிவிட்டால் சிறுநீர் வழியும் நிலை வரலாம்.

வயதுக்கு வந்து ஒன்றிரண்டு வருடத்தில், மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போகும் பாப்பாக்களைத் தனியாக நினையுங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருவதால் அடைப்பு இருக்காது என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரட்டைக் கர்ப்பப்பை இருந்து, யோனியின் ஒரு பாதி மட்டும் மூடியிருந்தால், ஒரு பக்கம் ரத்தம் வரும். மறுபக்கம் தேங்கிக் கட்டியாகும். அதே பக்கத்துச் சிறுநீரகம் பெரும்பாலும் இருக்காது. ஐந்தாவது படியில் சொன்ன அந்த ஒரு நிமிடம் இந்தக் குழந்தையின் பல வருட வலியை முடித்து வைக்கும்.

7. கட்டி யாருடையது என்று தெரியாமல் ஊசி போடாதீர்கள்

"கொஞ்சம் நீரை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாமே" என்ற யோசனை எளிமையாகத் தோன்றும். தண்டுவட உறையில் ஊசி போனால் மூளைக்காய்ச்சல் வரும், உயிரே போகலாம். ஹைடாடிட்டில் போனால் கசிந்த நீரால் உடல் முழுதும் கடும் ஒவ்வாமை வரலாம். புழு வயிற்றில் விதைக்கப்படும். வால்குடல் கட்டியில் மலக்குடல் வழியாகப் போனால் சீழ் பிடிக்கும். சினைப்பைப் புற்றாக இருந்தால் உள்ளிருந்த செல்கள் வெளியே சிந்தும். நோயின் நிலையே ஒரு படி ஏறும்.

தேர்ந்தவர்கள் சரியான மருந்துப் பாதுகாப்போடு ஹைடாடிட்டில் ஊசி போடும் முறை உண்டு. அது ஓபி அறை வேலை அல்ல.

8. ரத்தப் பரிசோதனை: சிஏ 125-ஐ அதன் இடத்தில் வையுங்கள்

சிஏ 125 என்பது சினைப்பைப் புற்றில் ஏறக்கூடிய ஒரு ரத்த அளவு. அது 35-ஐத் தாண்டியதும் புற்றுநோய் என்று குடும்பத்தைக் கலங்கடிக்கக் கூடாது. எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, மாதவிலக்கு நாட்கள், கர்ப்பம் எல்லாவற்றிலும் அது ஏறும். வயிற்றுக் காசநோயில் நூற்றுக்கணக்கில் ஏறும்.

அறை அறையாகத் தேங்கிய நீர், தடித்த வயிற்று உறை, உயர்ந்த சிஏ 125 என்று மூன்றும் சேர்ந்து வரும் இளம்பெண்ணுக்கு நம் நாட்டில் காசநோயைக் கட்டாயம் தேட வேண்டும். கட்டிக்கு வெளியே வயிற்றில் தேங்கிய நீரை எடுக்க முடிந்தால் ஏடிஏ (காசநோயில் ஏறும் ஒரு நொதி) பாருங்கள். 39-ஐ ஒட்டியோ மேலோ இருந்தால் சந்தேகம் வலுக்கும். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் எதிர்மறை என்றால் நிம்மதி அடையாதீர்கள். வயிற்று நீரில் அது பல நேரம் பிடிபடாது. வயிற்று உறையிலிருந்து எடுத்த சதைத் துணுக்குதான் தீர்ப்பு சொல்லும். மாத்திரையால் தீரும் நோய்க்குக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் இழந்த பெண்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

9. எம்ஆர்ஐக்கு எழுதும் சீட்டில் கேள்வி இருக்கட்டும்

'எம்ஆர்ஐ பெல்விஸ்' என்று மட்டும் எழுதினால் பொதுவான படமும் பொதுவான ரிப்போர்ட்டும் வரும். இப்படி எழுதுங்கள்: "7 செமீ நீர்க்கட்டி, வலது சினைப்பை தனியே தெரிகிறது, மலக்குடலுக்குப் பின்னால், தண்டுவட உறையோடு தொடர்பு உண்டா?" அப்போது ரேடியாலஜிஸ்ட் சேக்ரத்தையும் கீழ்முதுகையும் படத்துக்குள் கொண்டுவருவார், பக்கவாட்டு வெட்டில் அந்தத் தொடர்பைத் தேடுவார்.

எம்ஆர்ஐயின் டி1 வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரிவது ரத்தமா கொழுப்பா என்று பிரிக்கக் கொழுப்பை அடக்கிய படம் வேண்டும். வெள்ளை மறைந்தால் டெர்மாய்டு (கொழுப்பு அடங்கிய சினைப்பைக் கட்டி), மறையாவிட்டால் ரத்தம். ரிப்போர்ட்டை மட்டும் படிக்காமல், ஒருமுறையாவது ரேடியாலஜிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பாருங்கள்.

10. யாரிடம் அனுப்புவது, என்ன எழுதி அனுப்புவது

தண்டுவடத் தொடர்பு என்றால் நியூரோ சர்ஜன். மலக்குடலுக்குப் பின்னால் என்றாலும் குடல்வால் என்றாலும் வயிறு, குடல் அறுவை மருத்துவர். ஹைடாடிட் என்றால் அறுவைக்கு முன் ஆல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரை. அதற்கு முன் கர்ப்பம் இல்லை என்பதை மறுபடி உறுதி செய்யுங்கள். சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கோரிமேடு ஜிப்மருக்கோ அனுப்பும்போது, எந்த ஓபிக்குப் போக வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் அந்தப் பெண் மறுபடி மகப்பேறு வரிசையில் நின்று, முதலிலிருந்து தொடங்குவார்.

கடைசியாக, ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி அவர் கையில் கொடுங்கள்: "இது சினைப்பைக் கட்டி அல்ல. முதுகெலும்போடு சேர்ந்த நீர்ப்பை என்று சந்தேகம். ஊசி போட்டு நீர் எடுக்கக் கூடாது." அடுத்த ஊரில், நள்ளிரவில், வலியோடு வேறு ஒரு டாக்டர் முன் அவர் படுக்க நேர்ந்தால், மஞ்சள் பையின் மேலே அந்தச் சீட்டு இருக்க வேண்டும்.